பெட்டியின் மேல் உட்கார்ந்த ஈ

உப்போடைப்பட்டி மேலத்தெருவில் வேலுத்தாய் என்றொருத்தி பத்தொன்பது வருஷம் ஒரு வீடியோ கேம் பெட்டிக்குப் பெண்டாட்டியாக இருந்தாள் என்று சொன்னால் வெளியூர்க்காரர்கள் சிரிப்பார்கள், உள்ளூர்க்காரர்கள் சிரிக்க மாட்டார்கள், ஏனென்றால் உள்ளூர்க்காரர்கள் எல்லாரும் ஏதாவது ஒரு நாள் ஆரஞ்சுப் பழமும் ரொட்டிப் பாக்கெட்டும் வாங்கிக்கொண்டு போய் அந்தப் பெட்டிக்கு உடம்பு எப்படி இருக்கிறது என்று விசாரித்துவிட்டு வந்தவர்கள்தான்.

நடந்தது இதுதான். தீப்பெட்டி ஆபீஸ்களும் வேலிக்கருவையும் தவிர வேறொன்றும் முளைக்காத அந்தக் கரிசல் ஊரில், செந்தூரப்பாண்டி என்கிற இருபத்தைந்து வயசுக்காரன் தன் வீட்டு முன்னறையில் ஒரு டிவியையும் ஒரு கேம் பெட்டியையும் வைத்துக் கடை நடத்திக்கொண்டிருந்தான். கேசட்டின் வாயில் ஊதி, தூசியைத் தட்டி, பெட்டிக்குள் செருகி, படம் வருவதற்குள் இரண்டு தடவை சாமி கும்பிட்டுக்கொள்வான். கல்யாணமாகி நாலு மாசம் ஆகியிருந்தது. அந்த நாலு மாசத்தில் வேலுத்தாயின் முகத்தை அவன் நேராகப் பார்த்தது நாலு தடவை இருக்கும், மற்ற நேரமெல்லாம் அவன் பார்த்துக்கொண்டிருந்தது நீலச் சட்டை போட்ட ஒரு குள்ளனை. அந்தக் குள்ளன் ஆறு தாண்டி, நெருப்பு தாண்டி, முதலை முதுகை மிதித்து ஓடி, கடைசியில் ஒரு கோட்டை வாசலுக்குப் போய்ச் சேர வேண்டும். அந்த வாசலை ஊரில் ஒருத்தரும் கண்ணால் பார்த்ததில்லை, பக்கத்து ஊரில் பார்த்ததாகச் சொன்னவர்கள் பொய் சொன்னார்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மூன்று மணிக்குச் செந்தூரப்பாண்டி அந்த வாசலைப் பார்த்தான். குள்ளனுக்கு ஒரே ஒரு உயிர்தான் பாக்கி இருந்தது. இவன் பட்டனிலிருந்து விரலை எடுத்தான். ஆட்டத்தை நிறுத்தி வைத்தான். குள்ளன் கல்பாலத்தின் மேல் நின்றபடி இடது கால் வலது கால் என்று மாற்றி மாற்றி வைத்துக்கொண்டிருந்தான், கூடவே ஒரு சின்னப் பாட்டு திரும்பத் திரும்ப ஓடிக்கொண்டிருந்தது. அந்தக் காலத்துப் பெட்டிகளில் ஆட்டத்தைச் சேர்த்து வைக்கிற வசதியெல்லாம் கிடையாது, அணைத்தால் அணைத்ததுதான், மறுபடி முதல் ஆற்றிலிருந்து தாண்ட வேண்டும்.

"ஏ வேலு, அணைச்சிராத. ஒரு டீ குடிச்சிட்டு வாறேன். அஞ்சு நிமிஷம்" என்று சொல்லிவிட்டு, சட்டைகூடப் போடாமல், துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு போனான்.

டீ குடித்தான் என்று டீக்கடைக்காரர் சத்தியம் செய்தார். அதற்கப்புறம் அவனை யாரும் பார்க்கவில்லை.

வேலுத்தாய் அணைக்கவில்லை. அன்றைக்கு அணைக்கவில்லை, மறுநாள் அணைக்கவில்லை, மாமியார் சீனியம்மாள் வாசலில் உட்கார்ந்துகொண்டு "எம்மவன் அஞ்சு நிமிஷம்னா அஞ்சு நிமிஷந்தான்" என்று போகிறவர் வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்ததால் பத்தாம் நாளும் அணைக்கவில்லை. நாற்பதாம் நாள் ஒரு காற்று அடித்து, கம்பம் சாய்ந்து, ஊர் முழுக்க இரண்டு நாள் கரண்டு இல்லாமல் போயிற்று. பெட்டி அணையவில்லை. டிவியும் அணையவில்லை. குள்ளன் கால் மாற்றிக்கொண்டே இருந்தான். மின்வாரியத்தில் லைன்மேனாக இருந்து ஓய்வு பெற்ற வெயிலுமுத்து, அவர்தான் தெருக் கமிட்டித் தலைவர், டெஸ்டரோடு வந்து பார்த்தார். பிளக்கைப் பிடுங்கினார். பெட்டி ஓடிற்று. பிடுங்கிய பிளக்கைக் கொஞ்ச நேரம் கையில் வைத்துப் பார்த்துவிட்டு, மரியாதையாகச் சுருட்டிப் பெட்டிக்குப் பக்கத்தில் வைத்தார்.

"படம் இருக்கிற வரைக்கும் ஆள் இருக்கான்" என்று அறிவித்தார். தெரு தலையாட்டிற்று. அன்றைக்கு உண்டான சட்டம் அது.

பிறகு அது ஒரு பழக்கமாகிவிட்டது. புருஷன் லாரியில் போனவள், புருஷன் மஸ்கட்டில் இருப்பவள், மூன்று மாசமாகக் கடிதமோ போனோ வராதவள் எல்லாரும் வெள்ளிக்கிழமை தலைக்குக் குளித்துவிட்டு வந்து பெட்டிக்கு முன்னால் ஒரு வாழைப்பழத்தை வைத்து, குள்ளன் கால் மாற்றுவதைக் கண்ணாரப் பார்த்துவிட்டுத் தெம்பாகப் போனார்கள். ரேஷன் கார்டில் ஆள் இருக்கிறாரா இல்லையா என்று சரிபார்க்க வந்த ஒரு அதிகாரி டிவியைப் பார்த்தார், சீனியம்மாளைப் பார்த்தார், மறுபடி டிவியைப் பார்த்தார், செந்தூரப்பாண்டி பெயருக்கு நேரே ஒரு டிக் அடித்து மோர் வாங்கிக் குடித்துவிட்டுப் போனார்.

வேலுத்தாயை யாரும் ஒன்றும் கேட்கவில்லை. காலையில் தீப்பெட்டி ஆபீஸுக்குப் போனாள், சாயங்காலம் வந்து பெட்டியைத் துடைத்தாள், பொட்டு வைத்துக்கொண்டாள், பூ வைத்துக்கொண்டாள். தெருவுக்கு ஒரு பத்தினி இருப்பது தெருவிளக்கு இருப்பதைப் போல, வெளிச்சம் எல்லாருக்கும், எரிவது அது மட்டும். இதை அவளிடம் சொல்கிற தைரியம் யாருக்கும் இல்லை, அவளாகவே ஒரு நாள் தெரிந்துகொண்டாள். அன்றைக்கு அவளுக்கு இருபத்தேழு வயசு.

அந்த வருஷந்தான் பெட்டிக்கு வயசாகத் தொடங்கிற்று. வெள்ளையாக இருந்த உடம்பு மஞ்சளடித்தது, எல்லாப் பெட்டியும் மஞ்சளடிப்பதுதான், ஆனால் இதற்குத் தோல் தளர்ந்தது. தொட்டால் மெத்தென்று பள்ளம் விழுந்து மெல்ல எழும்பும். ஓரங்களில் பச்சை நரம்பு ஓடிற்று. காற்றோட்டத்துக்காக இருக்கும் ஓட்டைகளில் சளி கட்டி, விடியற்காலையில் கொர் கொர் என்று இருமும், வேலுத்தாய் எழுந்து போய் ஈரத் துணியால் துடைத்து, நெஞ்சில் தைலம் தேய்ப்பதுபோல் மேலே தேய்த்துவிடுவாள். ஒரே பக்கமாகக் கிடந்தால் புண் வந்துவிடும் என்று நாளைக்கு நாலு தடவை புரட்டிப் போடுவாள். அவளுடைய அம்மா செத்த அன்றைக்கு மூன்று மணி நேரம் அழுதுவிட்டு ஓடி வந்தாள், பெட்டியைப் புரட்டிப் போடுகிற நேரமாகிவிட்டது.

ஏழாவது வருஷம் படம் போயிற்று.

பக்கத்துத் தெருவிலிருந்து டிவி மெக்கானிக் தவசிக்கனியைக் கூட்டி வந்தார்கள். அவர் பெண்டாட்டியைப் பிரசவத்தில் பறிகொடுத்தவர், அதிகம் பேசாதவர், பொய் சொல்லத் தெரியாதவர். தொழிலுக்கு அது ஒரு குறைதான். வேறு டிவியை மாட்டிப் பார்த்தார், அதிலும் படம் இல்லை. பெட்டியை மெல்ல மடியில் கிடத்தித் திறந்து பார்த்தார். "உள்ள இருக்கிறது எல்லாம் எரிஞ்சு அஞ்சு வருஷமாச்சு. எதை வச்சு ஓடுதுன்னு எனக்குத் தெரியல" என்றார். மூடி ஸ்க்ரூவை இறுக்குகையில் அதற்கு வலிக்குமோ என்று பார்த்துப் பார்த்து இறுக்கினார். வேலுத்தாய் அதைக் கவனித்தாள்.

தெருமுனை நிழற்குடையில் கமிட்டி கூடிற்று. வேலுத்தாய் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு போய் நின்றாள்.

"படம் போயிருச்சு மாமா. படம் இருக்கிற வரைக்கும்னு நீங்கதான சொன்னீக."

வெயிலுமுத்து டெஸ்டரால் காது குடைந்துகொண்டிருந்தார். "எங்க அய்யாவுக்குக் கடைசிப் பன்னெண்டு வருஷம் கண்ணு தெரியல. செத்துட்டாகன்னு தூக்கியா போட்டோம்? சத்தம் கேக்குதுல்ல?"

சத்தம் கேட்டது. அந்தக் கல்பாலத்துப் பாட்டு, பத்து நொடிக்கு ஒருதரம் திரும்பத் திரும்ப, மெலிசாகக் கேட்டுக்கொண்டுதான் இருந்தது.

"சத்தம் இருக்கிற வரைக்கும் ஆள் இருக்கான்" என்றார் வெயிலுமுத்து. தெரு தலையாட்டிற்று.

தவசிக்கனி மாசத்துக்கு ஒரு தடவை பெட்டியைப் பார்க்க வர ஆரம்பித்தார். பார்ப்பார், தொடுவார், ஒன்றும் செய்ய முடியாது என்பார், ஒரு டம்ளர் தண்ணீர் குடிப்பார், போவார். அப்படி வரத் தொடங்கிய நாலாவது வருஷம், தண்ணீர் டம்ளரைத் திருப்பிக் கொடுக்கும்போது, "இதுக்கு ஒரு முடிவு வரட்டும். வந்தா நான் இருக்கேன்" என்றார். வேலுத்தாய்க்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை. சந்தோஷத்தில்தான் இறங்கவில்லை.

தப்பாக நினைக்க வேண்டாம். மேலத்தெரு ஆட்கள் அறுத்துக் கட்டுகிறவர்கள்தான். புருஷன் செத்தால் தாலியை அறுத்துவிட்டு வேறொருத்தனைக் கட்டிக்கொள்வதில் எந்தக் குற்றமும் இல்லை, சீனியம்மாளே முதல் புருஷனை அறுத்துத்தான் செந்தூரப்பாண்டியின் அப்பாவைக் கட்டினாள். அறுப்பதற்கு ஒரு சாவு வேண்டும், அவ்வளவுதான். வேலுத்தாய்க்கு இல்லாதது அது ஒன்றுதான்.

பன்னிரண்டாவது வருஷம் பாட்டு நின்றது. போய் நின்றாள். "வாய் பேசாதவனெல்லாம் பிணமா?" என்று வெயிலுமுத்து கேட்டார். முன்பக்கத்துச் சிவப்பு விளக்கு எரிகிறதல்லவா, அது எரிகிற வரைக்கும் ஆள் இருக்கான். பதினேழாவது வருஷம் விளக்கும் போயிற்று. அந்தத் தடவை வேலுத்தாய் பெட்டியையே ஒரு பழைய சேலையில் சுற்றி இடுப்பில் தூக்கிக்கொண்டு போய் நிழற்குடைப் பலகையில் கிடத்தினாள். வெயிலுமுத்து டெஸ்டரை வைத்துப் பார்த்தார். எரியவில்லை.

"பாருங்க மாமா, எரியல."

"டெஸ்டர் எரியலன்னா செத்துப்போச்சுன்னு அர்த்தமா? ஏத்தா, உன்னைத் தொட்டாலுந்தான் எரியாது."

எல்லாரும் சிரித்தார்கள். சிரிப்பு அடங்குவதற்குள் வேலுத்தாயும் கொஞ்சம் சிரித்துவிட்டாள், உதட்டுக்குப் பழக்கமாகிவிட்டிருந்தது.

"தொட்டுப் பாருங்க, சூடு இருக்கு" என்றார் வெயிலுமுத்து. "சூடு ஆறணும். ஈ வந்து உக்காரணும். ஈக்குத் தெரியாத சாவு கிடையாது. அதுக்கு முன்னால முடிஞ்சதுன்னு சொன்னா பாவம் புடிச்சுக்கிடும்." எல்லைக்கல்லைப் பிடுங்கிப் பிடுங்கித் தள்ளி நட்டால் காடு எப்போது முடியும்? பெட்டியைத் திரும்பவும் சேலையில் சுற்றித் தூக்கிக்கொண்டு வந்தாள். வழியெல்லாம் அது அவள் இடுப்பில் அனலாகக் கொதித்தது.

அடுத்த இரண்டு வருஷம் பெட்டி படுத்த படுக்கையாகக் கிடந்தது. பார்க்காது, பேசாது, புரளாது, சூடு மட்டும் இருக்கும். ஈ வரும், சுற்றும், உட்காராமல் போகும். கட்டிலில் பெட்டி படுத்திருந்தது, தரையில் வேலுத்தாய் படுத்திருந்தாள். நாற்பது வயசாகிவிட்டது. தவசிக்கனிக்கு மீசை நரைத்துவிட்டது. "இன்னும் வருதா?" என்று அவர் கேட்பார், மூச்சைத்தான் கேட்கிறார். "வருது" என்பாள். தண்ணீர் குடித்துவிட்டுப் போவார்.

இங்கே ஒரு விஷயம் சொல்ல வேண்டும். மேலத்தெருவில் யாரும் படுக்கையில் கிடந்து இரண்டு வருஷம் இழுத்ததில்லை. இழுக்க விட மாட்டார்கள். கிழடு எழுந்திருக்காது, உயிரும் போகாது என்று தெரிந்தால் வீட்டில் கூடிப் பேசுவார்கள்; சொந்தபந்தத்துக்குச் சொல்லி அனுப்புவார்கள்; எல்லாரும் வரிசையாக வந்து முகத்தைப் பார்த்து, கையைத் தொட்டு, நல்ல வார்த்தை ஒன்று சொல்லிவிட்டுப் போவார்கள். மறுநாள் விடிகிற நேரத்தில் தலை நிறைய, உடம்பு நிறைய நல்லெண்ணெய் தேய்த்து, குடம் குடமாகப் பச்சைத் தண்ணீர் ஊற்றி, அதன்மேல் வயிறு முட்ட இளநீர் கொடுப்பார்கள். குளிர் கண்டு, காய்ச்சல் கண்டு, இரண்டு மூன்று நாளில் முடிந்துவிடும். அதற்குத் தலைக்கு ஊற்றுவது என்று பெயர். கொலை என்று யாரும் சொல்வதில்லை. வேலுத்தாய் கல்யாணமாகி வந்த இரண்டாவது மாசம் சீனியம்மாள் தன் புருஷனுக்குத் தலைக்கு ஊற்றினாள். இளநீரைச் சீவிச் சீவிக் கொடுத்தவள் வேலுத்தாய்தான்.

பத்தொன்பதாவது வருஷம், கமிட்டி வேறு எதற்கோ கூடியிருந்தபோது வேலுத்தாய் கூப்பிடாமலே போய் நின்றாள்.

"இன்னும் ஈ உக்காரலயேத்தா" என்றார் வெயிலுமுத்து, அவள் வாயைத் திறப்பதற்கு முன்னாலேயே.

"உக்காரல மாமா. நான் அதைக் கேக்க வரல. அது பெட்டியா, ஆளா? அதை மட்டும் சொல்லுங்க."

"ஆளுதான். அதுல என்ன சந்தேகம்?"

"அத்த, நீங்க சொல்லுங்க."

சீனியம்மாள் வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டாள். "எம்மவன் உசுரு அதுலதான இருக்கு. ஆளுதான்."

"சரி. ஆளு. ரெண்டு வருஷமா படுக்கையில கிடக்கு. கண்ணு இல்ல, பேச்சு இல்ல. இந்தத் தெருவுல எந்த ஆளை நாம ரெண்டு வருஷம் இழுக்க விட்டுருக்கோம்? மாமனாருக்கு ரெண்டு மாசந்தான் பொறுத்தீக அத்த. பெட்டிக்குன்னா மட்டும் ஏன் இந்தக் கொடுமை? ஆளுக்குச் செய்றத ஆளுக்குச் செய்வோம்."

பஸ் ஒன்று வந்து நின்றது, ஏறுவார் யாருமில்லை என்று கண்டு போயிற்று. வெயிலுமுத்துவுக்கு எழுபத்தெட்டு வயசு, மூன்று மகன்கள், இரண்டு மாசமாக முழங்கால் வலி. அவர் டெஸ்டரைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார். வேண்டாம் என்று சொன்னால் இதுவரை ஊற்றிய தலைகளுக்கெல்லாம் என்ன பெயர் வைப்பது? தன் புருஷனுக்கு ஊற்றிய கையை மடியில் வைத்து, சீனியம்மாள் அதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எண்ணெய் எங்கிட்ட இருக்கு" என்றாள் கடைசியில். "கடையில வாங்காத, அது கலப்படம்."

மறுநாள் சாயங்காலம் தெரு முழுக்க வரிசையாக வந்து பெட்டியைத் தொட்டுவிட்டுப் போயிற்று. "நல்லபடியா போய்ச் சேருப்பா", "கோட்டை வாசல் தெறக்கட்டும்ப்பா" என்று அவரவருக்குத் தோன்றியதைச் சொன்னார்கள். மஸ்கட்காரன் பெண்டாட்டி ஒருத்தி மட்டும் விழுந்து அழுதாள். விடியற்காலையில் வேலுத்தாய் பெட்டியை முற்றத்தில் மணைமேல் உட்கார வைத்து, படிக்கணக்கில் எண்ணெய் ஊற்றித் தேய்த்தாள். நரம்பு நரம்பாக நீவி, ஓட்டைகளுக்குள் எண்ணெய் இறங்க இறங்கத் தேய்த்தாள். கிணற்றுத் தண்ணீர் ஏழு குடம். பிறகு கேசட் செருகும் வாயில் இளநீரை ஊற்றினாள், அது குடித்தது. பதினோரு இளநீர் மரத்திலிருந்து இறக்கி வைத்திருந்தார்கள். நாலு குடித்ததும் போதும் என்பதுபோல் விக்கிற்று.

வேலுத்தாய்க்கு அழுகை அப்போதுதான் வந்தது. பத்தொன்பது வருஷம் அவளோடு இருந்தது இதுதான், அவன் இல்லை. அவளை ஒரு நாளும் இது ஏய் என்று கூப்பிட்டதில்லை, உட்கார வைத்துவிட்டு டீ குடிக்கப் போனதில்லை, அவள் தொட்டபோதெல்லாம் சூடாக இருந்தது. அதை மடியில் போட்டுக்கொண்டு ஓவென்று அழுதாள். மூன்றாம் நாள் காலையில் காய்ச்சல் ஏறி, உடம்பு உதறி, எங்கிருந்தோ அந்தக் கல்பாலத்துப் பாட்டை ஒரே ஒரு தடவை முழுசாகப் பாடிவிட்டு, பெட்டி குளிர்ந்துபோயிற்று.

ஈ வந்தது. சுற்றிற்று. உட்கார்ந்தது. முன்னங்கால்களைத் தேய்த்துக்கொண்டது. தெருவே குனிந்து அந்த ஈயைப் பார்த்தது. "முடிஞ்சது" என்றார் வெயிலுமுத்து.

எல்லாம் முறைப்படி நடந்தது. தாலியைக் கழற்றிப் பாலில் போட்டார்கள். உப்போடைக் கரையில் பெட்டியைப் புதைத்தார்கள். பதினாறாம் நாள் கருமாதிச் சாப்பாடு, அது முடிந்த மறுநாள் காலையில் தவசிக்கனியோடு கோயிலில் தாலி கட்டு என்று கமிட்டியே பேசி முடித்தது. தவசிக்கனி அரக்குக் கலரில் ஒரு சேலை எடுத்து, பையில் வைத்துக் கையோடு கொண்டுவந்து இரண்டாவது பந்தியில் உட்கார்ந்தார். வேலுத்தாய் அடுக்களையிலிருந்து எட்டிப் பார்த்தாள். பையின் வாயில் அரக்குக் கரை கொஞ்சம் தெரிந்தது. அவ்வளவு போதுமாக இருந்தது அவளுக்கு, சாம்பார் வாளியைத் தூக்கிக்கொண்டு போனபோது நடை மாறியிருந்தது.

பாயசம் பரிமாறும்போது செந்தூரப்பாண்டி வந்தான்.

சட்டை இல்லை. தோளில் அதே துண்டு. மீசையில் டீ நுரை இன்னும் காயவில்லை. இருபத்தைந்து வயசு, ஒரு நாள் கூடவில்லை. பந்தியைப் பார்த்தான், வாசலில் கட்டியிருந்த தென்னங்கீற்றைப் பார்த்தான், எதிரே சாம்பார் வாளியோடு நின்றவளைப் பார்த்தான்.

"இந்தம்மா யாரு?" என்று கேட்டான். "வேலு எங்க? பெட்டிய எவ அணைச்சது? அஞ்சு நிமிஷம்னுதான சொல்லிட்டுப் போனேன்!"

சீனியம்மாள் எச்சில் கையோடு ஓடி வந்து அவனைக் கட்டிக்கொண்டாள். "நான் சொன்னேன்ல! எம்மவன் அஞ்சு நிமிஷம்னா அஞ்சு நிமிஷந்தான்!" வெயிலுமுத்து டெஸ்டரை எடுத்து அவன் தோளில் வைத்துப் பார்த்தார். எரியவில்லை. "உயிரோடதான் இருக்கான்" என்று அறிவித்தார். தெரு தலையாட்டிற்று.

அப்புறம் தெரு வேலுத்தாய் பக்கம் திரும்பிற்று. பத்தொன்பது வருஷம் பொறுத்தவளுக்குப் பதினாறு நாள் பொறுக்க முடியவில்லையா என்றார்கள், அப்படி என்ன அவசரம் என்றார்கள், அரிப்பு என்றாள் ஒருத்தி, அவள் உதட்டில் கருமாதிப் பாயசம் இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தது. தவசிக்கனி எழுந்து கை கழுவினார். பொய் சொல்லத் தெரியாதவர் அல்லவா, அவள் முகத்துக்கு நேராகவே சொன்னார். "ஆளு வந்துட்டாரு. இனி நான் நிக்கிறது நியாயமில்ல." பையை எடுத்துக்கொண்டு போனார். ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை, நியாயஸ்தர்.

சீனியம்மாள் மஞ்சள் டப்பாவிலிருந்து தாலியைத் தேடி எடுத்து மகன் கையில் கொடுத்தாள். அவன் அதை வேலுத்தாய் கழுத்தில் கட்டினான், கட்டும்போதே அவள் தோளுக்கு மேலாக முன்னறையில் டிவி இருந்த இடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு அவளை ஏற இறங்கப் பார்த்து, பெரிய மனசு பண்ணிச் சிரித்தான்.

"போனது போகட்டும். வேற பெட்டி வாங்குவோம். முதல்ல இருந்து ஆடிக்கிடலாம்."

"முதல்ல இருந்தா?" என்று கேட்டாள் வேலுத்தாய்.

"பின்ன? அணைச்சா முதல்ல இருந்துதான்."

அவள் வாளியைக் கீழே வைத்தாள். உள்ளே போனாள். அடுக்களை மூலையில் சீனியம்மாளின் எண்ணெய்ப் பானையில் பாதிக்கு மேல் இருந்தது. கட்டிலுக்கு அடியில் ஏழு இளநீர் இருந்தது. இரண்டையும் கொண்டுவந்து முற்றத்தில் வைத்து, மணையை எடுத்துப் போட்டாள்.

"வெயில்ல வந்திருக்கீக" என்றாள். "தலையில சூடு இறங்கட்டும். உக்காருங்க, எண்ணெய் தேச்சு விடுறேன்."

அவன் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு உட்கார்ந்தான். மகனுக்கு அடித்துக் குழம்பு வைக்க வேண்டும் என்று சீனியம்மாள் கொல்லையில் சேவலைத் துரத்திக்கொண்டிருந்தாள். வாசலில் நின்ற தெரு எண்ணெய்ப் பானையைப் பார்த்தது, இளநீரைப் பார்த்தது, வேலுத்தாயைப் பார்த்தது. ஒருத்தரும் ஒன்றும் சொல்லவில்லை. சொல்வதென்றால் எங்கிருந்து தொடங்குவது? கொஞ்ச நேரம் கழித்து வெயிலுமுத்து செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார், செந்தூரப்பாண்டியின் முகத்தைப் பார்த்தார், கையைத் தொட்டார், "நல்லா இருப்பா" என்றார். அவருக்குப் பின்னால் ஒருத்தர் வந்தார். அவருக்குப் பின்னால் ஒருத்தி. தெரு முழுக்க வரிசையாக வந்து அவன் கையைத் தொட்டுவிட்டு, ஆளுக்கொரு நல்ல வார்த்தை சொல்லிவிட்டு, சத்தமில்லாமல் வெளியேறிற்று. இத்தனை பேருக்குத் தன்மேல் இவ்வளவு பிரியமா என்று அவனுக்குப் பெருமையாக இருந்தது.

வேலுத்தாய் முதல் கை எண்ணெயை அவன் உச்சியில் வைத்து அழுத்தினாள். அந்த இடத்தில் ஒரு முடி நரைத்தது. இரண்டாவது கை வைத்தாள், காதோரம் வெளுத்தது. பத்தொன்பது வருஷமாகப் பெட்டி சுமந்துகொண்டிருந்த வயசுக்கு இப்போது போக இடமில்லை, அது எண்ணெயோடு எண்ணெயாக இறங்கிக்கொண்டிருந்தது. அவள் தேய்ப்பதை நிறுத்தவில்லை.

"வேலு, வெங்காயம் எங்க வச்சிருக்க?" என்று கொல்லையிலிருந்து சீனியம்மாள் கத்தினாள்.

"உறியில இருக்கு அத்த."

"இன்னும் எவ்வளவு நேரம்?" என்றான் அவன். குரல் லேசாகக் கரகரத்திருந்தது.

"கண்ண மூடிக்கோங்க, எரியும்" என்றாள் வேலுத்தாய். "அஞ்சு நிமிஷந்தான்."